பதினான்காவது வார்டின் கையெழுத்து

மே 5, திங்கள்

வெறும் வயிற்றில் சுகர் 196. சாப்பிட்டது: இட்லி நான்கு.

தினமும் சுகரையும் சாப்பாட்டையும் எழுதி, மாதம் ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. உள்ளதை எழுத வேண்டுமாம், அவருக்காக எழுதக் கூடாதாம். நோட்டு வாங்கப் போவானேன் என்று கட்சி கொடுத்த டைரியையே எடுத்துக்கொண்டேன். டிசம்பரில் அச்சடித்தது. அட்டையில் பொதுச்செயலாளரும் பொருளாளரும் ஒரே குடையின் கீழ் நின்று சிரிக்கிறார்கள். குடை எங்கள் சின்னம். மார்ச் மாதம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். டைரிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

முதல் பக்கத்தில் சொந்த விவரம் கேட்கிறது. எழுதிவிடுகிறேன். ஆர். கலியமூர்த்தி, வயது அறுபத்தொன்று. பத்தாவது பாஸ், இரண்டாவது தடவையில். மாவு மில் வைத்திருக்கிறேன். கட்சியில் பதினான்காவது வார்டு கிளைச் செயலாளர். அதே வார்டின் கவுன்சிலர் வாகைச்செல்விக்கு அப்பா. இதில் பெரிய பதவி கடைசியில் சொன்னதுதான்.

மனைவி அஞ்சலாட்சி போய் நாலு வருடம். மாடியில் இருந்த வாகையும் மாப்பிள்ளையும் பேத்தியும் சித்திரை பிறந்த மறுவாரம் ரயில்வே ரோட்டில் வாடகை வீடு பார்த்துப் போனார்கள். மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று காரணம்.

மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது.

மே 7, புதன்

சுகர் 188. தோசை மூன்று.

மில்லுக்கு வந்தவர்கள் ஏழு பேர். போன வருடம் இதே மிளகாய் சீசனில் வாசலில் பைகள் வரிசை கட்டி நிற்கும். இப்போது பொருளாளர் அணிக்காரர்கள் சந்தைத் தெரு மில்லுக்குப் போகிறார்கள். நான் பொதுச்செயலாளர் அணி என்பதால் என் மெஷினில் அரைத்த மிளகாய்த்தூள் அவர்கள் குழம்பில் போய் எனக்கு ஓட்டுக் கேட்கும் என்று பயம் போலிருக்கிறது.

என் ஷெட்டில் மிளகாய்க்கு ஒரு மெஷின், மாவுக்கு ஒரு மெஷின். இருபது வருடமாக ஒரே கூரையின் கீழ் ஓடுகின்றன. தலைவர்கள் இருவரையும் கூட்டி வந்து காட்டலாம். தும்மல்தான் வரும்.

நான் செயலாளர் அணிக்கு எப்படிப் போனேன் என்று யாராவது கேட்டால், யோசித்துப் போனேன் என்று சொல்லுவேன். உண்மையில் தணிகாசலம் போனான், நானும் போனேன். அவன் நகரச் செயலாளர். முப்பது வருடமாகக் காலை டீயை அவனோடுதான் குடிக்கிறேன். மறியலில் பிடிபட்டு பதினெட்டு நாள் ஒரே அறையில் கிடந்தோம். அஞ்சலாட்சியைத் தூக்கிய நாலு பேரில் முதல் தோள் அவனுடையது. அவன் மேற்கே போனால் நான் கிழக்கே போக முடியுமா.

வாகை போனாள். பொருளாளர் அணிக்கு.

மே 11, ஞாயிறு

கல்யாண மண்டபத்தில் கூட்டம். கட்சியும் குடையும் யாருக்கு என்று தேர்தல் ஆணையத்தில் வழக்கு நடக்கிறது. எந்த அணிக்கு ஆள் அதிகம் என்று இரண்டு பக்கமும் உறுதிமொழிப் பத்திரம் சேர்க்கிறார்கள். மணமேடையில் பொண்ணு மாப்பிள்ளை உட்காருகிற இடத்தில் முத்திரைத்தாள் கட்டுகள். வரிசையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போக வேண்டியது. மொய் எழுதிவிட்டுச் சாப்பிடுவது போலவே இருந்தது.

கிளைச் செயலாளர் தாளில் போட்டேன். அப்புறம் தணிகாசலம் என்னைத் தூண் ஓரமாகக் கூப்பிட்டான். மற்ற வார்டு கவுன்சிலர் தாளெல்லாம் வந்துவிட்டதாம், பதினாலு மட்டும் காலியாக இருக்கிறதாம், மாவட்டம் கேட்கிறதாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் பேனாவைப் பார்த்தேன்.

போட வேண்டியதையெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாப்பிட்டது: பிரியாணி, கேசரி, பலாச்சுளை ஆறு. டாக்டரம்மாவுக்குத் தனித் தாளில் எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம். அதில் சப்பாத்தி இரண்டு.

மே 12, திங்கள்

சுகர் 248. காரணம் தெரியவில்லை.

மே 16, வெள்ளி

மில்லில் வேலை இல்லை. எழுதலாம்.

வாகைக்குப் பெயர் வைத்தவர் மறைந்த தலைவர். அப்போது கட்சி ஒன்றாக இருந்தது. தேரடி மேடையில் ஏறி, மூன்று மாதக் குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். ஒரு நிமிடம் பார்த்தார். வாகைச்செல்வி என்றார். கூட்டம் கைதட்டியது. குழந்தை அவர் துண்டை நனைத்துவிட்டது. அதற்கும் கைதட்டினார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் தேர்தலில் பதினான்காவது வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கென்று நான் பதினைந்து வருடம் துடைத்து வைத்திருந்த வார்டு. அழாத குறை. தணிகாசலம்தான் வாகையை நிறுத்தச் சொன்னான். அவள் தனியார் பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலையில் இருந்தாள். பேர் மட்டும்தான் உனக்கு, அலைச்சல் எல்லாம் எனக்கு என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தேன். ஜெயித்தோம். ஜெயித்தாள்.

சொன்னபடியே நடந்தேன். மனு வாங்குவது நான், தெருவிளக்குக்கு அலைவது நான். வார்டு போர்டில் 'கவுன்சிலர் தொடர்பு எண்' என்று இருப்பது என் நம்பர். அவள் பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்ப் என் கல்லாப்பெட்டியில் கிடந்தது. விழாக்களில் கவுன்சிலர் நாற்காலியில் நான் உட்காருவேன், அவள் பின்னால் நிற்பாள். சின்ன வயசு, கால் வலிக்காது.

போன வருடம் ஒருநாள் மில்லுக்கு வந்து கல்லாவைத் திறந்து ஸ்டாம்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு மில்லில் மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது, பேச முடியாது.

மே 21, புதன்

சுகர் 201. கேழ்வரகுக் களி.

பிள்ளையார் கோயில் தெருவில் குடிநீர் லாரி. வாகை நின்று குடங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. முந்தானையை இடுப்பில் செருகியிருந்த விதம் அப்படியே அவள் அம்மா.

என்னைப் பார்த்ததும், "வாங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து என்னை நீ என்றுதான் கூப்பிடுவாள். மனு கொடுக்க வருகிறவர்களைத்தான் வாங்க என்பாள். நான் வண்டிக்கு பெட்ரோல் போடப் போவதாகச் சொன்னேன். பெட்ரோல் பங்க் எதிர்த் திசையில் இருக்கிறது. அவளுக்கும் தெரியும்.

மே 29, வியாழன்

காலையில் டீக்கடையில் பேப்பர் பார்த்தேன். இரண்டு அணியும் கொடுத்த பத்திரங்களில் பல பேர் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். மாவட்ட வாரியாகப் பட்டியல். எங்கள் ஊரில் ஒரே ஒரு பெயர். பதினான்காவது வார்டு கவுன்சிலர் வாகைச்செல்வி.

டீ ஆறிப்போயிற்று.

தணிகாசலம் சந்தோஷமாக இருந்தான். பொருளாளர் அணிக்காரர்கள் இனி அவளை நம்ப மாட்டார்கள், வேறு வழியில்லாமல் நம் பக்கம் வந்துவிடுவாள் என்று கணக்கு. தோளில் கை போட்டுக்கொண்டு, "நீ வாயத் தொறக்காத. அது போதும்" என்றான்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. வீடு வந்து சேரும் வரைக்கும்.

ஜூன் 1, ஞாயிறு

டாக்டரம்மாவுக்கு இந்தப் பக்கம் வேண்டாம்.

அவள் பெயரில் இருந்த கையெழுத்தை நான்தான் போட்டேன்.

மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் மாதம், மில் ரசீதுகளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பழகினேன். வா எழுத்தை எழுதி அதன் காலைக் கீழே இழுத்து, ஒரு சுழி சுழித்து, அதற்கு மேல் ஒரு கோடு. அவளே ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தாள். உன்னைவிட நான் நல்லா போடறன் பாரு என்றேன். கால் நீளம் ஜாஸ்தி என்று திருத்திக்கூடக் கொடுத்தாள். தெருவிளக்கு மனுவுக்குப் போட்ட கை, சாக்கடை மனுவுக்குப் போட்ட கை. மண்டபத்தில் தணிகாசலம் தாளை நீட்டியபோது அது கோணலான காரியம் என்று கைக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. கை முந்திக்கொண்டது.

அவள் எங்கள் பக்கம் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 5, வியாழன்

சுகர் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வேலாயுதம் ஐந்து கிலோ கோதுமையோடு மில்லுக்கு வந்தார். சர்க்கரை ஆலையில் பஸ் ஓட்டுகிறார், அதிகம் பேசுகிற ஆள் இல்லை. சந்தைத் தெரு மில்லைத் தாண்டி இவ்வளவு தூரம் கோதுமையைத் தூக்கி வந்திருக்கிறார் என்றால் விஷயம் கோதுமை இல்லை.

மெஷினை நிறுத்தினேன்.

வாகையை அவர்கள் அணி கடலூருக்குக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் விலை பேசியவள் என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை என்று இவள் சொன்னாளாம். அப்படியானால் யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள். இருபதாம் தேதிக்குள் பதில் தராவிட்டால் நீக்குவார்களாம். வார்டில் சுவரொட்டி ஒட்டவும் ஆள் தயார்.

"அவ என்ன சொன்னா?"

"தெரியாதுன்னு சொல்லிட்டா மாமா. நாலு தடவ கேட்டாங்களாம். நாலு தடவயும் தெரியாதுன்னுட்டா."

கோதுமையை அரைத்துக் கொடுத்தேன். பை கட்டும்போது நூல் இரண்டு முறை அறுந்தது. கூலி கொடுக்க வந்தார், வாங்கவில்லை. வாங்காவிட்டால் அவள் திட்டுவாள் என்று கல்லாவின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 7, சனி

தணிகாசலம் வீட்டுக்குப் போனேன். அவன் சம்சாரம் மோர் கொடுத்தாள். தாளைத் திரும்ப வாங்கிக் கொடு என்று கேட்டேன்.

"அது டெல்லிக்குப் போயி ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. உன் மில்லா இது, அரைச்ச மாவ திரும்பிக் கேக்க?"

"அவள திருடின்னு சொல்றாங்கய்யா."

"அவங்க சொல்றாங்க. நாம சொல்லல. வெளிய தொரத்தட்டும், நேரா எங்க வருவா? இங்கதான். நானே பொன்னாடை போட்டு உக்கார வைக்கிறன்."

அவன் எனக்குக் கெட்டது நினைத்துச் சொல்லவில்லை. அவன் கணக்கில் என் மகளை எனக்குத் திருப்பி வாங்கித் தருகிறான். ஒரு பகல் பொழுது நானும் அந்தக் கணக்கில் உட்கார்ந்திருந்தவன்தானே.

நான்தான் போட்டேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். மோர் தம்ளரைக் கீழே வைத்தான்.

"போலிக் கையெழுத்துன்னா கேசு, தெரியுமில்ல? கம்பி எண்ணணும்."

"ஏற்கெனவே பதினெட்டு நாள் எண்ணியிருக்கோமே."

"அப்ப நான் கூட இருந்தன்" என்றான்.

எழுந்து வந்துவிட்டேன். வாசலில் அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு பாதித் தெரு வந்துவிட்டு, மாற்றிக்கொள்ளத் திரும்பிப் போனேன். அவன் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். சிரிக்கவில்லை, இருவரும்.

ஜூன் 11, புதன்

கடலூர் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் டைப் அடித்துக் கொடுத்தார். 'மேற்படி கையெழுத்தை எனது மகளின் அறிவோ சம்மதமோ இன்றி நானே இட்டேன்' என்று இரண்டாம் பத்தியில் இருக்கிறது. நல்ல தமிழ். பத்தாவதில் இப்படி எழுதியிருந்தால் முதல் தடவையே பாஸ் செய்திருப்பேன்.

கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். வக்கீல் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேரு கலியமூர்த்திதானே?" என்றார்.

வா போட்டுக் காலை இழுத்திருந்தேன்.

இப்படி ஒரு கூத்தை அவர் சர்வீஸில் பார்த்திருக்க மாட்டார். குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். நானும் சிரித்தேன். புதுத் தாள் டைப் ஆகிற அரை மணி நேரமும் பெஞ்சில் உட்கார்ந்து, விரலால் தொடை மேல் என் பெயரை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

ரயில்வே ரோடு வீட்டுக்கு முதல் முறையாகப் போனேன். சின்ன வீடு. மாடியும் இல்லை, மோட்டாரும் இல்லை. தெருக் குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். வாசலில் பத்துப் பேர் மனுவோடு நின்றிருந்தார்கள். எல்லோரும் போன பிறகு உள்ளே போனேன்.

முத்திரைத்தாளைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்காரச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நானும் நின்றேன்.

"இத எதுக்கு எங்கிட்ட குடுக்கறீங்க?"

உனக்காகத்தான் என்றேன்.

"எனக்காக நீங்க செஞ்சது போதும்பா. இதயும் நானே எடுத்துக்கினு போயி, எங்கப்பா மனசு மாறிட்டாருன்னு எல்லார் முன்னாடியும் நீட்டணுமா? கையெழுத்துப் போட்டவரு போயி குடுக்கட்டும்."

ஏன் அந்த அணிக்குப் போனாய் என்று கேட்டேன். மார்ச்சிலிருந்து கேட்காமல் வைத்திருந்த கேள்வி. கொள்கை, ஊழல், துரோகம் என்று ஏதாவது சொல்வாள், தணிகாசலத்திடம் கேட்ட பதில் ஒன்றைச் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன்.

"அவங்க எனக்கு போன் பண்ணாங்க. என் நம்பருக்கு. உங்க பக்கம் மூணு வருஷத்துல ஒரு ஆளு கிட்டயாவது என் நம்பர் இருக்கா? எதா இருந்தாலும் உங்களுக்குத்தான் அடிப்பாங்க. மார்ச் மாசம் நகரக் கூட்டத்துல எம்பேரு ஒட்டின நாற்காலில நீங்க உக்காந்து, என் கருத்தும் இதான்னு மைக்ல சொன்னீங்களே. நான் பின்னாடி நின்னுக்கினு இருந்தன். எங்கருத்து என்னன்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சுது."

கூட்டம் சிரித்தது நினைவுக்கு வந்தது. நான் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன்.

பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற வரை இருக்கலாமா என்று கேட்க நினைத்தேன். மணி பார்த்தாள். வந்துவிட்டேன்.

மாடிக்குத் தண்ணீர் ஏறாதது பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

ஜூன் 16, திங்கள்

சுகர் 175. பயத்தில் இறங்கியிருக்கிறது.

கடலூரில் பொருளாளர் அணி ஆபீஸ். மாவட்ட மகளிரணிச் செயலாளர் பரமேஸ்வரி அம்மாவைப் பார்க்கக் காத்திருந்தேன், பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை. வருகிறவன் போகிறவன் எல்லாம் என் கரை வேட்டியைப் பார்த்தான். வேட்டி பாவம், கட்சி ஒன்றாக இருந்தபோது நெய்தது.

பத்திரத்தைப் படித்தவுடன் அந்த அம்மா முகம் மாறியது. உள்ளே போய் நாலு பேரோடு பேசினார். திரும்பி வரும்போது கூடவே பொன்னாடை வந்தது, போட்டோக்காரனும் வந்தான். முப்பது ஆண்டு முன்னோடி தாய்க்கழகம் திரும்பினார் என்று நாளைய பேப்பரில் போடலாமாம். இரண்டு பேரும் தாய்க்கழகம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

"அம்மா, நான் அணி மாற வரல. எம்மவ மேல போட்ட பழிய எடுத்துக்கினு போக வந்தன்" என்றேன்.

பொன்னாடையை மடித்தார்கள். போட்டோக்காரன் கேமராவுக்கு மூடியைப் போட்டான். பத்திரத்தை வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேட்டேன், மில்காரன் புத்தி. கொடுத்தார்கள். கிளம்பும்போது பரமேஸ்வரி அம்மா வாசல் வரை வந்தார். "அது அவங்க இப்பப் போடற கையெழுத்தே இல்லன்னு எங்களுக்கும் தெரிஞ்சுது, வேணும்னே மாத்திப் போட்டாங்களோன்னுதான் சந்தேகம். ஆனா யாருன்னு மட்டும் சொல்லவே மாட்டேன்னுட்டாங்க" என்றார்.

இப்பப் போடற கையெழுத்து என்றால் என்ன என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

நம் அணிப் பத்திரிகையில் வந்துவிட்டேன். இரண்டாம் பக்கம், கீழே. கட்சியின் கட்டுப்பாட்டை மீறி, களங்கம் விளைவிக்கும் வகையில் செயல்பட்ட ஆர். கலியமூர்த்தி அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார். தோழர்கள் யாரும் அவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

முப்பது வருடத்தில் என் பெயர் பேப்பரில் வந்தது இதுதான் முதல் தடவை. கத்தரித்து வைத்தேன்.

இதே வாசகத்தை எத்தனையோ பேருக்கு மைக்கில் வாசித்தவன் நான். கடைசி வரியை வாசிக்கும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும், கைதட்டல் வரும். அதைக் கேட்கிறவன் வீட்டில் சாயங்காலம் யார் வருவார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

வாகையின் பெயரை அவர்கள் விசாரணையிலிருந்து எடுத்துவிட்டதாக மாப்பிள்ளை ஒரு வரி செய்தி அனுப்பியிருந்தார்.

ஜூன் 20, வெள்ளி

மில்லுக்கு வந்தவர்கள்: யாருமில்லை.

ஜூன் 27, வெள்ளி

சுகர் 169. தனியாகச் சமைத்தால் இறங்கும் போலிருக்கிறது. என் சமையலை யாரும் இரண்டாவது தடவை கேட்டு வாங்க மாட்டார்கள், நானும்தான்.

காலையில் டீக்கடையில் பழக்கத்தில் இரண்டு டீ சொல்லிவிட்டேன். கடைக்காரன் இரண்டையும் வைத்தான். எதிர்ச் சாரியில் தணிகாசலம் வண்டியை நிறுத்தியிருந்தான். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க ரொம்பச் சிரமப்பட்டான், கழுத்து அப்படி இருந்தது. அவன் நகரச் செயலாளர், தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்ற அறிவிப்பை இந்த ஊரில் நடத்திக்காட்ட வேண்டியவன். இரண்டு டீயையும் நானே குடித்தேன். சர்க்கரை இல்லாமல்தான்.

மத்தியானம் அவன் சம்சாரம் சீயக்காய் கொடுத்து அனுப்பியிருந்தாள், ஆட்டோவில், டிரைவரிடம். யாருடையது என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பையை எனக்குத் தெரியாதா. மணக்க மணக்க, நைசாக அரைத்து அனுப்பினேன்.

மழை தூறிற்று. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பேத்தி சுவரில் கிறுக்கிய குடைகள் இருக்கின்றன. ஏழு குடை.

ஜூலை 7, திங்கள்

மில் வாசல் தெருவிளக்கு இருபது நாளாக எரியவில்லை. முன்பானால் நானே மனு எழுதி, நானே கவுன்சிலராகக் கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். இப்போது நான் பதினான்காவது வார்டில் ஒரு குடிமகன்.

எழுதினேன். 'பெறுநர்: உயர்திரு வாகைச்செல்வி அவர்கள், நகர்மன்ற உறுப்பினர், 14வது வார்டு.' அவர்கள் என்று எழுதும்போது ஒருமாதிரி இருந்தது, ஆனால் கூச்சமாக இல்லை. கீழே என் பெயர், என் கையெழுத்து, தொடர்பு எண். அந்த எண் இப்போது என்னுடையது மட்டும்தான். போன வாரம் வார்டு போர்டில் அதை அழித்து அவளுடையதை எழுதிவிட்டார்கள்.

ரயில்வே ரோடு வீட்டு வாசல் வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர். ஒரு பெண்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு, நீங்க ஏன் பெரியப்பா நிக்கிறீங்க, நேரா உள்ள போங்க என்றாள். இல்லம்மா, எனக்கும் லைட்டுதான் என்றேன்.

என் முறை வந்தது. வாகை மனுவை வாங்கி முழுதும் படித்தாள். கம்பத்தின் எண் எழுதவில்லை என்றாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டாள்.

பார்த்தேன். வா இல்லை. காலும் இல்லை, சுழியும் இல்லை. முழுப் பெயர், சாய்வாக, ஒன்றோடொன்று பின்னி, கடைசியில் கீழிருந்து மேலே போகிற ஒரு வீச்சு. அதன்மேல் ஸ்டாம்பை வைத்து அழுத்தினாள்.

"எப்ப மாத்தின?"

"ஸ்டாம்ப எடுத்துக்கினு போனன் இல்ல, அன்னைக்கு."

ஒரு வருடம். அந்த வா எழுத்துக் கையெழுத்தை ஒரு வருடமாக இந்த உலகத்தில் போட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் நான். கடலூரில் அந்தத் தாளின் நகலை அவள் கண் முன்னால் வைத்தபோது அவளுக்கு ஒரு நொடி போதுமாயிருந்திருக்கும். நாலு தடவை கேட்டிருக்கிறார்கள்.

எதையாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது வழக்கமான குரங்குத்தனம்தான். "இத பழகறதுக்கு எனக்கு ஆறு மாசம் ஆவும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மனு நகலை என்னிடம் நீட்டி, "அடுத்து யாரு" என்றாள்.

ஜூலை 9, புதன்

மத்தியானம் நகராட்சி ஆள் வந்து கம்பத்தில் ஏறினான். ஆறரைக்கு விளக்கு எரிந்தது. நாற்காலியை எடுத்து வாசலில் போட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெளிச்சம். வார்டுக்கு இப்படி ஒரு கவுன்சிலர் வேண்டும் என்று நான் எத்தனை மேடையில் பேசியிருப்பேன்.

ஏழு மணிக்கு போன். அவள் நம்பர். போர்டில் பார்த்து நேற்றுத்தான் பெயர் போட்டுப் பதிந்து வைத்தேன். அதற்கு முன் மாப்பிள்ளை நம்பரில்தான் அவளைக் கூப்பிடுவேன்.

"பதினாலாவது வார்டு கவுன்சிலர் பேசறன். லைட் எரியுதா?"

எரியுதுங்க என்றேன்.

பின்னால் பேத்தி ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது கேட்டது. வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், இல்லை.

"சுகர் எவ்ளோ?" என்றாள்.

நூற்றி நாற்பது என்று வாய் வரை வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு எழுதி வைத்திருக்கிற தாளில் அப்படித்தான் இருக்கிறது.

"நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. பலாச்சுளை தின்னன். எட்டு."

"எட்டா?"

"ஒம்போது."

திட்டினாள். நல்ல திட்டு, மூச்சு விடாமல், நீ நீ என்று. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேனா, டாக்டரிடம் எப்போது போகிறேன் என்றெல்லாம் கேட்டுவிட்டு, அடுத்த போன் வருகிறது என்று வைத்துவிட்டாள். வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

டாக்டரம்மாவுக்கு வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். நாளைக்கு டைரியையே கொண்டுபோகப் போகிறேன். எல்லாவற்றையும் படிக்கட்டும்.

மாடிக்கு மோட்டார் போட்டுப் பார்த்தேன். ஏறுகிறது.

சுகர் 192. சாப்பிட்டது: இட்லி மூன்று, சுளை ஒன்பது.